எங்கள் டிக்கெட் பணம் வேண்டும், நாங்கள் வேண்டாமா? கீழ் டிவிஷன் கால்பந்தை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தின் கீழ் டிவிஷன் லீக்குகளை நடத்தும் நிர்வாகிகளுக்கும், அவற்றில் ஆடும் கிளப்புகளின் உரிமையாளர்களுக்கும், மைதானப் பாதுகாப்புக் குழுக்களில் இடம்பெறும் உள்ளாட்சி, காவல்துறை அதிகாரிகளுக்கும்,

"வழக்கமான நடைமுறைதான் பின்பற்றப்பட்டது" என்று ஒற்றை வரியில் எனக்குப் பதில் வந்திருக்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, நான்காம் டிவிஷனான லீக் டூவின் ஆட்டம் ஒன்று முடிந்த பிறகு, வெளியூர் ரசிகர்களான எங்களை மழையில் பூட்டிய கேட்டுக்கு உள்ளே நிறுத்தி வைத்ததைப் பற்றி நான் அனுப்பிய புகாருக்கு வந்த பதில் அது. அந்த கிளப்பின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், அது அவர்கள் ஊர்ப் பிரச்சினை என்று மற்ற எல்லோரும் ஒதுங்கிக்கொள்வீர்கள். வழக்கமான நடைமுறை என்று அவர்கள் சொன்னது உண்மைதான். பல மைதானங்களில் இதுதான் வழக்கம். அதனால்தான் இந்த மடல் உங்கள் எல்லோருக்கும்.

உங்களுக்கு இதை ஆங்கிலத்திலும் அனுப்பியிருக்கிறேன். தமிழில் பொதுவில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பெரிய கிளப்புகளின் சட்டையைப் போட்டுக்கொண்டு டிவியில் மட்டும் ஆட்டம் பார்க்கிறார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன கிளப் இருக்கும். அதன் பின்னால் ஊர் ஊராகப் போவதில் ஒரு பெரிய சந்தோஷம் இருக்கும். அது அவர்களுக்குத் தெரியாது. என் மகளுக்கு அது தெரியும். அவளைக் கூட்டிக்கொண்டு போகலாமா வேண்டாமா என்று இப்போது நான் யோசிக்கிற நிலைக்கு நீங்கள் கொண்டுவந்துவிட்டீர்கள்.

நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த ஆட்டம் முதலில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு இருந்தது. குளிர்காலம். இரண்டு நாட்களாக அந்தப் பகுதியில் மழை என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் டிவிஷனான லீக் ஒன், அதற்குக் கீழே லீக் டூ, இவற்றின் மைதானங்கள் பலவற்றில் பிரீமியர் லீக்கில் இருப்பது போலத் தரைக்கு அடியில் சூடேற்றும் அமைப்பு கிடையாது, வடிகாலும் பழையது. அதை யாரும் குற்றம் சொல்லவில்லை. சின்ன கிளப்பின் கையில் இருக்கும் காசு எவ்வளவு என்று ரசிகனுக்குத் தெரியும். ஆனால் காலையிலேயே தரையைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். எங்கள் ரசிகர் பஸ் விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டது. மைதானம் ஆடத் தகுதியில்லை, ஆட்டம் ஒத்திவைப்பு என்ற செய்தி வந்தபோது நாங்கள் அந்த ஊரின் எல்லையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டோம். பஸ் ஒரு ரவுண்டானாவைச் சுற்றித் திரும்பி, வந்த வழியே போனது. ஒருவரும் பேசவில்லை. பின் சீட்டில் இருந்த பையன் மட்டும் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று தன் அப்பாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தான்.

மைதான டிக்கெட் அடுத்த தேதிக்குச் செல்லும், சரி. பஸ்ஸுக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான். ரயிலில் வந்தவர்கள் பாடு இன்னும் மோசம். முன்கூட்டியே வாங்கினால்தான் இந்த நாட்டில் ரயில் டிக்கெட் கட்டுப்படியாகும். அப்படி வாங்கிய டிக்கெட்டுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது. ஆட்டம் ரத்து என்பது ரயில் கம்பெனியின் தவறும் இல்லை. உள்ளூர் ரசிகருக்குச் செய்தி வரும்போது அவர் வீட்டில் இருப்பார், கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். முழு நாளையும் இழப்பது நாங்கள்தான். அப்படியிருந்தும், தரையை எப்போது சோதிப்பது என்று முடிவெடுக்கும்போது நாங்கள் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டியிருக்கும் என்ற கேள்வியை யாராவது கேட்டிருந்தால் அதற்கான அறிகுறி எதையும் நான் பார்க்கவில்லை.

புதிய தேதி வந்தது. செவ்வாய்க்கிழமை, இரவு ஏழேமுக்கால். எங்கள் ஊரிலிருந்து ஒருவர் இந்த ஆட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் அரைநாள் விடுப்பு, திரும்பி வந்து சேர நடுநிசி தாண்டும், மறுநாள் வேலைக்கும் போக வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ஒத்திவைத்த ஆட்டத்தை வாரநாளில் வைக்காமல் வழியில்லை என்பது புரிகிறது. ஆனால் வாரநாள் இரவில் இவ்வளவு தூரம் வரச் சொல்கிறோமே, இவர்கள் திரும்பிப் போக வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது யார்? இந்த நாட்டு லீக்கில் பிளைமவுத்துக்கும் கார்லைலுக்கும் நடுவே ஏறக்குறைய 390 மைல். இந்த இரண்டு ஊர்க் கிளப்புகளும் ஒரே டிவிஷனில் இருந்த வருடங்கள் உண்டு. அந்தத் தூரத்தை வாரநாள் இரவில் போய்த் திரும்புகிறவர்கள் உண்மையில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையாவது நீங்கள் சந்தித்துப் பேசியிருக்கிறீர்களா?

அப்புறம் மைதானம். எங்களுக்கு ஒதுக்கியது கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் திறந்த டெரஸ், அதாவது நின்று பார்க்கும் பகுதி. கூரை இல்லை, இருக்கை இல்லை, சிமெண்டுப் படிகள் மட்டும். நான் டெரஸுக்கு எதிரி அல்ல. நின்று கத்திப் பாடி ஆட்டம் பார்ப்பதற்காகவே கீழ் டிவிஷனுக்கு வருகிறவர்களில் நானும் ஒருவன். மழையில் நனைவதும் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அன்று நான் பார்த்தது வேறு. எங்கள் டெரஸுக்கு ஒட்டினாற்போல் வலது பக்கம் கூரை போட்ட ஸ்டாண்ட் ஒன்று இருந்தது. அதில் எங்கள் பக்கத்துப் பகுதி முழுவதும் காலி. வரிசை வரிசையாக உலர்ந்த இருக்கைகள். அவற்றுக்குக் குறுக்கே ஒரு வலையைக் கட்டி, வலைக்கு அந்தப்புறம் இரண்டு ஸ்டூவர்டுகளை, அதாவது கூட்டத்தைக் கவனிக்கும் மைதானப் பணியாளர்களை, நிறுத்தியிருந்தார்கள். எங்கள் கூட்டத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் கைத்தடியோடு வந்திருந்தார். படியில் தண்ணீர் தேங்கி நின்றதால் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல், இரும்புத் தடுப்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கைத்தடியை என் மகள்தான் வைத்துக்கொண்டிருந்தாள். "இவரையாவது அந்த இருக்கையில் உட்கார விடுங்களேன்" என்று கேட்டேன். அந்த ஸ்டூவர்ட் சின்னப் பையன், மேலும் கீழும் பார்த்தான், ரேடியோவில் யாரிடமோ கேட்டான். "முடியாதாம், மன்னிச்சுக்கோங்க" என்றான். அவன் முகத்தைப் பார்த்தால் அவனுக்கே அதில் சம்மதமில்லை என்று தெரிந்தது. அவன் மேல் எனக்குக் கோபமில்லை. ரேடியோவின் மறுமுனையில் இருந்தவருக்குத்தான் இதை எழுதுகிறேன்.

டிக்கெட் 25 பவுண்டு. உள்ளூர் ரசிகர்கள் நிற்கும் டெரஸுக்கும் அதே விலைதான். ஆனால் அவர்களுடையதில் கூரை உண்டு. உங்கள் லீக் விதியில், ஒப்பிடத்தக்க இடத்துக்கு வெளியூர் ரசிகரிடம் உள்ளூர் ரசிகரைவிட அதிகம் வாங்கக் கூடாது என்று இருக்கிறது. நல்ல விதி. டெரஸுக்கு டெரஸ் என்று பார்த்தால் அதை யாரும் மீறவில்லை. நனைந்துகொண்டு நிற்பவரும் நனையாமல் நிற்பவரும் ஒரே விலை கொடுத்தால் விதி காப்பாற்றப்பட்டதாகக் கணக்கு. ஆட்டத்தன்று வாசலில் வாங்கினால் கூடுதல் கட்டணம் வேறு. வேலை முடித்துக் கிளம்ப முடியுமா, ரயில் ஓடுமா, ஆட்டம் நடக்குமா என்று கடைசி நிமிடம் வரை தெரியாதவர்கள் அந்தக் கூடுதல் கட்டணத்தைக் கட்டித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

எண்ணிக்கைக்கு விதி இருக்கிறது: வருகிற கிளப்புக்குக் குறைந்தது 2,000 இடம், மைதானம் சிறியதாக இருந்தால் அதன் கொள்ளளவில் 10 சதவீதம். அந்த 10 சதவீதம் எந்த மூலையில், எந்த நிலையில் என்பதுதான் எங்கள் கேள்வி. அன்று பெண்களுக்கு என்று இருந்தது ஒரே ஒரு தற்காலிகக் கழிப்பறை. அதன் கதவில் தாழ்ப்பாள் இல்லை. இடைவேளையில் பெண்கள் ஒருவருக்கொருவர் கதவைப் பிடித்துக்கொண்டு காவல் நின்றார்கள். என் மகள் உள்ளே போகவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பதினொரு வயதுப் பிள்ளை, இரவு ஏழு மணியிலிருந்து வீடு திரும்பும் வழியில் மோட்டார்வே ஓய்விடம் வரும்வரை அடக்கிக்கொண்டு இருந்தாள். இதைப் புகாரில் எழுதியிருந்தேன். பதிலில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

ஆட்டம் முடிந்தது. நாங்கள் தோற்றோம், அது பரவாயில்லை, தோற்காத வெளியூர்ப் பயணம் எங்களுக்கு அபூர்வம். வெளியே போகலாம் என்று படியேறினால் கேட் பூட்டியிருந்தது. உள்ளூர்க் கூட்டம் கலைந்த பிறகு திறப்போம் என்றார்கள். எவ்வளவு நேரம் என்று கேட்டால் பதில் இல்லை. ஒலிபெருக்கியில் அறிவிப்பு இல்லை. அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த டெரஸுக்கு இருந்த வெளியேறும் வழி அது ஒன்றுதான். ரயிலில் வந்த நான்கு பேர் கடைசி ரயிலைத் தவறவிட்டார்கள். பஸ்ஸில் காலி இருக்கை இருந்ததால் எங்கள் ஊர் வரை கூட்டிக்கொண்டு வந்தோம். இருக்கை இல்லாமல் இருந்திருந்தால் அவர்கள் அந்த இரவை எங்கே கழித்திருப்பார்கள்?

இனி சொல்வதை மிகுந்த கவனத்தோடு படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பூட்டிய கேட் என்பது அசௌகரியம் பற்றிய புகார் அல்ல.

1985 மே 11 அன்று பிராட்ஃபோர்டு சிட்டியின் வேலி பரேட் மைதானத்தில், மூன்றாம் டிவிஷன் ஆட்டத்தில், மர ஸ்டாண்டில் தீப்பிடித்தது. ஸ்டாண்டுக்கு அடியில் வருடக்கணக்கில் சேர்ந்திருந்த குப்பையில் பற்றிய தீ சில நிமிடங்களில் முழு ஸ்டாண்டையும் விழுங்கியது. பின்பக்கமாக வெளியே போகலாம் என்று ஓடியவர்கள் பூட்டிய கதவுகளிடமும் டர்ன்ஸ்டைல் என்ற சுழல் வாசல்களிடமும் போய்ச் சிக்கினார்கள். 56 பேர் இறந்தார்கள். அன்று வருகைதந்த அணி லிங்கன் சிட்டி. இறந்தவர்களில் இருவர் லிங்கன் ரசிகர்கள், பில் ஸ்டேசி, ஜிம் வெஸ்ட். லிங்கனின் சின்சில் பேங்க் மைதானத்தில் ஒரு ஸ்டாண்ட் இன்றும் அவர்கள் இருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அது பெரிய அணிகளின் ஆட்டம் அல்ல, டிராஃபி வாங்குகிற நாளைக் கொண்டாட ஒரு மூன்றாம் டிவிஷன் ஊர் கூடியிருந்தது. லிங்கனிலிருந்து வந்தவர்கள் எங்களைப் போலத் தங்கள் அணியின் பின்னால் வந்தவர்கள். நான்கு வருடம் கழித்து, 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நடந்த நெரிசலில் 97 லிவர்பூல் ரசிகர்களின் உயிர் போனது. ரசிகர்களைக் கட்டுப்படுத்த வேண்டிய கூட்டமாக மட்டும் பார்த்ததன் விலை எவ்வளவு என்று இந்த நாடு பல பத்தாண்டுகள் விசாரணை நடத்தித் தெரிந்துகொண்டது. இவ்வளவுக்கும் பிறகு, ஒரே வழி உள்ள ஒரு டெரஸில், அறிவிப்பு எதுவும் இல்லாமல், கேட்டைப் பூட்டி வைத்துவிட்டு அதை வழக்கமான நடைமுறை என்று எழுத ஒரு அதிகாரிக்கு எப்படி மனம் வந்தது?

அந்த கேட்டுக்குப் பக்கத்தில் சாவியோடு யாரும் நின்றதை நான் பார்க்கவில்லை. நின்றிருந்தால், யார், எங்கே என்று சொல்லுங்கள். இந்தக் கேள்வியையும் புகாரில் கேட்டிருந்தேன்.

ஏன் இப்படி நடக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். இதில் யாரும் வேண்டுமென்றே எங்களைத் துன்புறுத்தவில்லை. வெளியூர் ரசிகர் யாருடைய வாடிக்கையாளரும் இல்லை, அவ்வளவுதான். 1983 வரை லீக் ஆட்டங்களின் வாசல் வசூலில் வருகிற அணிக்கும் ஒரு பங்கு இருந்தது. அந்த வருடம் அந்த ஏற்பாடு போய்விட்டது. வசூல் முழுவதும் உள்ளூர் கிளப்புக்கே. ஆகவே என் டிக்கெட் பணம் என் கிளப்புக்கு ஒரு பைசாகூடப் போவதில்லை, எனக்காகச் சண்டை போட அதற்குப் பணக் காரணம் எதுவும் இல்லை. பணத்தை வாங்கிக்கொள்கிற கிளப்புக்கோ நான் வருடத்துக்கு ஒரு நாள் வந்து போகிறவன். நான் கோபித்துக்கொண்டு அடுத்த வருடம் வராவிட்டாலும் சீசன் டிக்கெட் விற்பனை குறையாது. தவிர, என் கிளப்பும் தன் மைதானத்தில் அடுத்தவர்களுக்கு இதையேதான் செய்கிறது. எங்கள் மைதானத்தின் வெளியூர் மூலையைப் போய்ப் பார்த்தேன். அங்கும் கூரை இல்லை. எங்கள் நிர்வாகத்துக்கும் இதே கேள்விகளைத் தனியாக எழுதி அனுப்பியிருக்கிறேன்.

2025இல் நாடாளுமன்றம் கால்பந்து நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றியது. மேலிருந்து ஐந்து அடுக்குக் கிளப்புகளுக்கும் ஒரு சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பு வந்துவிட்டது. கிளப்புகள் ரசிகர்களோடு கலந்து பேச வேண்டும் என்கிறது சட்டம். ரசிகர் இயக்கங்கள் வருடக்கணக்கில் போராடி வாங்கியது இது, அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் கலந்து பேசுவது என்றால் ஒவ்வொரு கிளப்பும் தன்தன் ரசிகர்களோடு பேசுவது. எதிரணி ரசிகர் நின்ற மூலையைப் பற்றி யார் யாரிடம் பேசுவது? அந்தக் கூட்ட அறையிலும் எங்களுக்கு நாற்காலி இல்லை.

தொலைக்காட்சி விஷயத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 சீசனிலிருந்து ஐந்து வருடத்துக்கு 935 மில்லியன் பவுண்டு மதிப்பில் ஒளிபரப்பு ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்கள். வருடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் நேரலை. அந்தப் பணம் சின்ன கிளப்புகளுக்கும் போகிறது, நல்லது. அதற்காகச் சனிக்கிழமை மூன்று மணி ஆட்டங்கள் பல மதியம் பன்னிரண்டரைக்கு மாறுகின்றன. மதியம் பன்னிரண்டரைக்கு ஆட்டம் என்றால் தூரத்து ஊர்க்காரர் நள்ளிரவு தாண்டி எழுந்து கிளம்ப வேண்டும். நேரத்தை மாற்றுவதே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாற்றுவதால் வரும் பணத்தில் ஒரு சிறு பங்காவது, மாற்றத்தால் அவதிப்படுகிறவர்களுக்கு வரக் கூடாதா? டிவியில் பின்னணியில் கேட்கிற பாட்டும் கூச்சலும் இருக்கிறதே, அதில் பாதி எங்களுடையது. காலி மூலையைக் காட்டினால் அந்த ஒளிபரப்பு எப்படி இருக்கும் என்று கொரோனா காலத்தில் எல்லோரும் பார்த்தோம்.

"காசில்லை, இடமில்லை" என்று கிளப் உரிமையாளர்கள் சொல்வீர்கள். சில மைதானங்களுக்கு அது உண்மைதான். ஆனால் ஒரு விஷயத்தை லீக் கட்டாயமாக்க நினைத்தால் எவ்வளவு சின்ன கிளப்பும் செய்துவிடுகிறது என்பதற்கு உதாரணம் இருக்கிறது. உங்கள் லீக்கில் செயற்கைப் புல்தரைக்கு அனுமதி இல்லை, அதற்குக் கீழே நேஷனல் லீக்கில் உண்டு. 2020இல் ஹாரோகேட் டவுன் முதல்முறையாக லீக் டூவுக்கு ஏறி வந்தபோது, தன் செயற்கைத் தரையைப் பிய்த்தெடுத்துவிட்டு இயற்கைப் புல் போட்டது. அது தயாராகும்வரை தன் சொந்த ஆட்டங்களை டான்காஸ்டரில் போய் ஆடியது. புல் இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்று சொல்ல முடிகிற லீக்குக்கு, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்று சொல்ல முடியாதா? புல்தரையைவிட அது மலிவு. அன்று அந்த வலையை அவிழ்த்து முதியவர்களை உள்ளே விட ஒரு பைசா செலவில்லை.

விலையிலும் அப்படித்தான். பிரீமியர் லீக் 2016–17 முதல் வெளியூர் டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு வைத்திருக்கிறது. ரசிகர் அமைப்புகள் 2013இல் தொடங்கிய இயக்கம் கேட்டது 20 பவுண்டு, கிடைத்தது 30. அதுவும் மேலடுக்குக்கு மட்டும். உலகத்திலேயே அதிகப் பணம் புரளும் கால்பந்து லீக்கில் போய்ப் பார்க்கிறவருக்கு உச்சவரம்பு உண்டு, நான்காம் டிவிஷனில் திறந்த டெரஸில் நிற்கிறவருக்குக் கிடையாது. இதை எந்தக் கணக்கில் நியாயப்படுத்துவீர்கள்?

இன்னொன்று மனதை மிகவும் வருத்துகிறது: எங்களைப் பார்க்கிற பார்வை. 1985ஆம் ஆண்டு மதுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி ஆட்டத்துக்குப் போகிற ரசிகர் பஸ்ஸில் ஒருவர் ஒரு பியர்கூட வைத்திருக்கக் கூடாது. நான் குடிப்பவன் அல்ல, எனக்கு அது நஷ்டமில்லை. ஆனால் ரக்பிக்கும் கிரிக்கெட்டுக்கும் போகிறவர்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. எங்கள் பஸ்ஸை ஏற்பாடு செய்கிற அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். பயணப் பட்டியல், பிறந்தநாள் அட்டை, யாருக்கு என்ன மருந்து எல்லாம் அவர் நோட்டில் இருக்கும். அந்த இரவு வாசலில் அவர் கைப்பையைக் கொட்டிச் சோதித்தார்கள், என் மகளைக் கையை விரித்து நிற்கச் சொன்னார்கள். பக்கத்தில் உள்ளூர் வாசலில் குடும்பங்கள் டிக்கெட்டைக் காட்டிவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தன. சோதனை வேண்டுமென்றால் எல்லோருக்கும் செய்யுங்கள். சில ஆட்டங்களுக்கு, குறிப்பிட்ட பஸ்ஸில் ஏறி வந்தால்தான் டிக்கெட் என்ற நிபந்தனைகூட இந்த நாட்டில் விதிக்கப்பட்டிருக்கிறது. தவறு செய்கிறவர்களைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது, மைதானத்துக்குள் வரவிடாமல் தடை விதிக்கவும் வழி இருக்கிறது. அதைச் செய்யுங்கள், நாங்களே கூட நிற்போம். வந்திருக்கிற எல்லோரையும் சந்தேகப் பட்டியலில் வைக்காதீர்கள்.

இன்னும் கீழே, ஏழாம் எட்டாம் அடுக்குக்குப் போய்ப் பாருங்கள். பல மைதானங்களில் இரு தரப்பு ரசிகர்களையும் பிரிப்பதே இல்லை. இடைவேளையில் தங்கள் அணி கோல் போடப்போகும் பக்கத்துக்கு எல்லோரும் நடந்து மாறிக்கொள்கிறார்கள். எதிரெதிரே வரும்போது "நல்லா ஆடுறீங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கூட்டம் சிறியது என்பதால் அங்கே இது முடிகிறது, ஆயிரக்கணக்கில் வரும் இடத்தில் பிரித்து வைக்க வேண்டிய ஆட்டங்கள் இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த செவ்வாய்க்கிழமை நாங்கள் வந்திருந்ததே இருநூறு பேர் சுமார். அதில் பாதி ஓய்வுபெற்றவர்களும் பிள்ளைகளும். எங்களால் அந்த ஊருக்கு என்ன ஆபத்து என்று யார் கணக்குப் போட்டார்கள்? அந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

ஆகவே நான் கேட்பது இவை.

லீக் நிர்வாகிகளிடம்: குளிர்காலத்தில் தரை சந்தேகமாக இருந்தால், வருகிற அணியின் ரசிகர்கள் கிளம்பும் நேரத்துக்கு முன்பே முதல் சோதனையை நடத்தி முடிவைச் சொல்ல வேண்டும் என்று விதி எழுதுங்கள். எத்தனை மணிக்கு என்பதைத் தூரத்தை வைத்து நிர்ணயிக்கலாம், இரண்டு ஊர்களுக்கும் நடுவே எவ்வளவு மைல் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு ரத்தானால், ரசிகர் பஸ் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தர லீக் ஒரு நிதி வைக்கட்டும். ஒளிபரப்புப் பணத்திலிருந்து அதற்கு எடுங்கள். அதே நிதி, டிவிக்காக நேரம் மாற்றிய ஆட்டங்களுக்கும் பொருந்த வேண்டும்.

வெளியூர் டிக்கெட்டுக்கு லீக் ஒன்னிலும் டூவிலும் 20 பவுண்டு உச்சவரம்பு வையுங்கள். "ஒப்பிடத்தக்க இடம்" என்ற விதியில் கூரையையும் இருக்கையையும் சேர்த்து எழுதுங்கள். கூரை இல்லாத இடத்துக்கு விலை குறைய வேண்டும். வெளியூர் ரசிகருக்கு வாசலில் கூடுதல் கட்டணம் கூடாது. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வேலை செய்கிற, பூட்டக்கூடிய, விளக்கு எரிகிற கழிப்பறை வெளியூர்ப் பகுதியில் இருப்பதை, புல்தரைக்குச் செய்வது போலவே, சீசன் தொடங்கும் முன் லீக்கே நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

கிளப் உரிமையாளர்களிடம்: பக்கத்தில் கூரையுள்ள இருக்கைகள் காலியாக இருந்தால், முதியவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் அங்கே அனுமதிக்கும் அதிகாரத்தை அங்கே நிற்கிற ஸ்டூவர்டுக்கே கொடுங்கள். வருகிற அணியின் ரசிகர் பிரதிநிதி ஒருவரை வருடத்துக்கு ஒருமுறையாவது உங்கள் ரசிகர் கூட்டத்துக்கு அழையுங்கள். எங்கள் ஊருக்கு உங்கள் ஆட்கள் வரும்போது அவர்களுக்கும் இதையே கேட்டு என் கிளப்பிடம் நிற்பேன்.

பாதுகாப்புக் குழு அதிகாரிகளிடம்: ஆட்டம் முடிந்த பின் கேட்டைப் பூட்டி வைப்பதை நிறுத்துங்கள். உண்மையிலேயே காத்திருக்கச் சொல்ல வேண்டிய ஆட்டம் என்றால், எவ்வளவு நேரம், ஏன் என்பதை முதல்நாளே எழுத்தில் அறிவியுங்கள். கேட்டைப் பூட்டாமல், பக்கத்தில் திறக்கக்கூடிய ஆளை நிறுத்துங்கள். கடைசி ரயில் நேரத்தைப் பார்த்து முடிவெடுங்கள். அந்த செவ்வாய்க்கிழமை எங்களை நிறுத்தி வைக்கும் முடிவை யார், எந்த மதிப்பீட்டின் அடிப்படையில் எடுத்தார், சாவி யாரிடம் இருந்தது என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் உள்ளாட்சிக்கும் காவல்துறைக்கும் தனியாக மனு கொடுத்திருக்கிறேன்.

அடுத்த சீசனின் அட்டவணை ஜூனில் வரும். அதற்கு முன் உங்கள் பதில் வர வேண்டும். ஒற்றை வரியில் வேண்டாம், நான் கேட்ட ஒவ்வொன்றுக்கும்.

இப்படிக்கு,
லீக் டூ கிளப் ஒன்றின் ரசிகன், ஒரு பெண்பிள்ளையின் தந்தை